பாக்தாத் அரசவையில் ஓரிறை விவாதம்

இறைவன் ஒருவனே என்று கிறித்தவமும் இஸ்லாமும் உறுதியாகச் சொல்கின்றன. அந்த ஒருமையை விளக்கும் இடத்தில்தான் இரண்டும் பிரிகின்றன. இந்த வேறுபாடு நேருக்கு நேர் பேசப்பட்ட நிகழ்வுகளில் முக்கியமான ஒன்று, 780களின் தொடக்கத்தில் பாக்தாதில் நடந்தது. அப்பாசியக் கலீபா அல்-மஹ்தியும் கீழைத் திருச்சபையின் தலைவர் முதலாம் திமொத்தேயுவும் இரண்டு நாட்கள் விவாதித்தனர். அதைத் திமொத்தேயு சிரியாக் மொழியில் ஒரு கடிதமாக எழுதிவைத்தார். ஆகவே இன்று கிடைப்பது கிறித்தவத் தரப்பின் பதிவு.

இருவருக்கும் பின்னால் நெடிய மரபு இருந்தது. 325இல் கூடிய நிக்கேயா சங்கம், மகனாகிய இயேசு தந்தையாகிய இறைவனோடு ஒரே இறைத்தன்மை உடையவர் என அறிக்கையிட்டது. கீழைத் திருச்சபை 410இல் அதை ஏற்றது. குர்ஆனின் 112ஆம் அத்தியாயமோ, இறைவன் யாரையும் பெறவில்லை, யாராலும் பெறப்படவுமில்லை, அவனுக்கு நிகர் எவருமில்லை என்று நான்கே வசனங்களில் தவ்ஹீதை, அதாவது இறைவனின் ஒருமையை, வரையறுக்கிறது. அவனுக்கு இணை வைப்பது இஸ்லாத்தில் மிகப் பெரிய பாவம்.

இறைவன் ஒரு பெண்ணை மணந்து மகனைப் பெற்றான் என்று அறிவுள்ள ஒருவர் சொல்லலாமா என்பது கலீபாவின் முதல் கேள்வி. அப்படிச் சொல்வது இறைநிந்தனை என்று திமொத்தேயுவும் ஒப்புக்கொண்டார். மகன் என்பது உடல்வழிப் பிறப்பைக் குறிக்கவில்லை. உள்ளத்திலிருந்து சொல் பிறப்பது போன்றது அது என்றார். அரசர் தம் சொல்லோடும் ஆவியோடும் ஒரே அரசராக இருப்பதுபோல, இறைவனும் தம் வார்த்தையோடும் ஆவியோடும் ஒருவரே என்று வாதிட்டார்.

குர்ஆனும் (4:171) ஈசாவை (இயேசுவை) இறைவனின் வார்த்தை, அவனிடமிருந்து வந்த ஆவி என்கிறது. ஆனால் இஸ்லாமிய விளக்கத்தில் ‘வார்த்தை’ என்பது ‘ஆகுக’ என்னும் படைப்புக் கட்டளை. ஈசா அதனால் படைக்கப்பட்ட அடியார், இறைத்தூதர். கிறித்தவருக்கோ அந்த வார்த்தை படைக்கப்படாதது, இறைவனோடு என்றும் இருப்பது.

வேறுபாடு தீராவிட்டாலும் மதிப்பு குறையவில்லை. மக்களுக்கு ஓரிறையைப் போதித்த முகம்மது நபி, இறைவாக்கினர்களின் வழியில் நடந்தவர் என்றார் திமொத்தேயு. கலீபா கேட்டுக்கொண்டபடி, அரிஸ்டாட்டிலின் தருக்க நூல் ஒன்றை அரபிக்குக் கொண்டுவரும் பணியையும் அவர் ஏற்றார்.

விவாதம் அடுத்த நூற்றாண்டுகளிலும் தொடர்ந்தது. இறைவனின் அறிவும் ஆற்றலும் அவனிலிருந்து வேறானவை அல்ல என்று முஃதஸிலா என்னும் இஸ்லாமிய இறையியல் பிரிவின் அறிஞர்கள் தவ்ஹீதைக் காத்தனர். பாக்தாதின் கிறித்தவத் தத்துவ அறிஞர் யஹ்யா இப்னு அதீ (இறப்பு 974), நன்மை, ஞானம், ஆற்றல் ஆகிய மூன்று பண்புகளைக் கொண்டு, தந்தை, மகன், ஆவி என்னும் திரித்துவத்தை அரபியிலேயே விளக்கினார். இவ்வாறு இரு சமயத்தாரும் ஒரே மொழியில், ஒரே தருக்க முறையில் தத்தம் நம்பிக்கையைக் கூர்மையாக்கிக்கொண்டனர்.