முதலில் அறிந்தவன் கடமை

சங்கத்தின் ஆண்டு விழாவில் ஒன்றுகூடும்போதெல்லாம் நம் நெஞ்சம் பிறந்த மண்ணை நாடிச் செல்லுதல் இயல்பே. நெய்யாறு பூவாரில் கடலோடு கலக்கும் காட்சியும், பொழியூர்க் கரையில் வலை இழுப்போர் எழுப்பும் ஓசையும், குளத்தூரில் பிறந்த எவர்க்கும் மறத்தற்கரியன. 1956ஆம் ஆண்டில் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நம் ஊர் அடங்கிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அன்று வரைந்த எல்லைக்கோடு நிலத்தோடு முடிந்தது. நீரும் காற்றும் எந்த எல்லையையும் மதிப்பதில்லை. ஒரு கரையில் கலந்த நஞ்சு மறுகரையை அடைய எவருடைய இசைவையும் கேட்பதில்லை.

இவ்வுண்மையை நம் மாவட்டக் கரையே 2021 பெப்ரவரித் திங்களில் கண்டது. திருவிதாங்கூர் மன்னராட்சியின் இறுதிக் காலமாகிய 1946இல் தோன்றிய டைட்டானியம் ஆலையிலிருந்து உலை எண்ணெய் கசிந்து, வாய்க்கால் வழியே வேளிக் கடலில் கலந்தது. மணல் கறுத்தது, மீனவர் தொழில் தடைப்பட்டது, பொதுமக்கள் கடற்கரைக்குச் செல்லுதல் விலக்கப்பட்டது. இத்தகைய செய்தியைக் கேட்கும்தோறும் நம் உள்ளத்தில் ஒரு வினா எழுகின்றது. ஆலையின் குழாயையும் தொட்டியையும் நன்கறிந்தவர் பொறியியலார். மதிலுக்கு அப்பால் வாழ்பவர் அவற்றைக் கண்டறியாதவர். அவ்வாறாயின் தீங்கை முதலில் அறிபவர் யார்? அறிந்தபின் அவர் யாருக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்?

இவ்வினாவுக்கு வரலாறு தரும் விடையை நாம் ஜப்பான் நாட்டின் மினமாட்டா என்னும் கடலோர ஊரிற் காண்கிறோம். அவ்வூரில் சிஸ்ஸோ என்னும் ஆலை 1932 முதல் பாதரசத்தைத் துணைப்பொருளாகக் கொண்டு அசிட்டால்டிஹைடு என்னும் இரசாயனத்தைச் செய்து, கழிவுநீரைக் கடலில் விட்டு வந்தது. நீரிற் கலந்த பாதரசம் மீனின் உடலில் ஏறிற்று. மீனை உண்ட மக்களின் நரம்பைத் தாக்கிற்று. கை நடுங்கிற்று, நா குழறிற்று, பூனைகள் வெறிகொண்டு துள்ளி மாண்டன. ஆலை மருத்துவமனையின் தலைவராக விளங்கிய ஹோசோகவா ஹாஜிமே, காரணம் விளங்காத நரம்பு நோய் ஒன்று பரவுகின்றது என்று 1956 மே முதல் நாளன்று சுகாதார நிலையத்துக்கு அறிவித்தார். நோயின் மூலத்தை அவர் அன்று அறிந்திலர், எனினும் வாளாவிருந்திலர்.

மூன்றாண்டுகள் கழிந்தன. 1959இல் அவரே ஆலைக் கழிவுநீரை உணவிற் கலந்து ஒரு பூனைக்கு ஊட்டினார். 400 என்னும் எண்ணிடப்பட்ட அப்பூனைக்கு அதே நோய் கண்டது. இப்போது மூலம் கையில் அகப்பட்டுவிட்டது! ஆயின் நிர்வாகம் அம்முடிவை வெளியிட விடவில்லை. காரணம் அறியாதபோது ஊருக்கு அறிவித்த அதே மனிதர், காரணம் அறிந்தபோது பேச இயலாதவரானார். கழிவுநீர் மேலும் ஒன்பதாண்டுகள் கடலிற் பாய்ந்தது. 1968இலேதான் அவ்வுற்பத்தி நின்றது. 1970இல் புற்றுநோயுற்றுப் படுத்த படுக்கையிலிருந்தே ஹோசோகவா நீதிமன்றத்துக்கு வாக்குமூலம் அளித்தார், அவ்வாண்டிலேயே மறைந்தார். 1973இல் தீர்ப்பு நோயாளிகளுக்குச் சார்பாயிற்று. அவர் மருத்துவரேயன்றிப் பொறியாளர் அல்லர்; எனினும் ஆலையில் ஊதியம் பெறும் அறிவாளர் அனைவர்க்கும் அவர் வாழ்வு ஒரு பாடம். அவரை இகழ்தல் நம் நோக்கமன்று. நல்லவர் ஒருவரின் மௌனத்துக்கும் விலை உண்டு; அதனைச் செலுத்துவோர் ஏழை மக்கள் என்பதையே கருதுகிறோம்.

இது தொலைநாட்டுக் கதை என்று தள்ளுதற்கும் இல்லை. அதே பாதரசம் நம் கொடைக்கானலுக்கும் வந்தது. அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொணரப்பட்ட வெப்பமானி ஆலை ஒன்று 1983இல் அங்கு நிறுவப்பட்டு, பின்னர் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. பாதரசம் படிந்த உடைகண்ணாடி டன் கணக்கில் பழைய சாமான் கிடங்கொன்றிற் கிடப்பதை 2001 மார்ச்சில் ஊராரும் கிரீன்பீஸ் அமைப்பினரும் வெளிப்படுத்தினர். அதன்பின்னரே ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர் 591 பேர் பொருட்டு உடன்பாடு ஏற்பட 2016 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. போபாலிலும் 1982இல் அமெரிக்க வல்லுநர் வந்து ஆலையின் குறைகளைக் கண்டு எழுதினர். அவ்வறிக்கை நிறுவனத்துக்குக் கிடைத்தது. வேலிக்கு அப்பால் உறங்கிய மக்களுக்குக் கிடைக்கவில்லை. 1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவில் நிகழ்ந்ததை உலகம் அறியும்.

சட்டம் இக்கடமையை ஐயத்துக்கு இடமின்றி வகுத்துள்ளது. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, விபத்தால் நச்சுப் பொருள் நீர்நிலையிற் கலந்தாலும், கலக்கக்கூடும் என்ற நிலை தோன்றினாலும், அவ்விடத்தின் பொறுப்பாளர் உடனே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அறிவித்தல் வேண்டும் என்கிறது. போபாலின் பின்னர் 1986இல் இயற்றிய சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவும், அளவு மீறிய மாசுக்கு இவ்வாறே விதிக்கிறது. ‘கலக்கக்கூடும்’ என்னும் அச்சொல்லை ஊன்றி நோக்குமின்! முழுச் சான்றும் கிட்டும்வரை காத்திருக்கச் சட்டம் சொல்லவில்லை. ஹோசோகவா 1956இற் செய்ததே சட்டம் கேட்பது. 1959இல் அவர் செய்ய இயலாமற் போனதே சட்டம் தடுக்க முயல்வது.

ஆயினும் சட்டம் ஏட்டில் உறங்கும். மனிதன் வாய் திறந்தால்தான் அது விழிக்கும். வாய் திறப்பது எளிதா? வேலை போகலாம், வீட்டில் முதியோரும் மக்களும் உளர், உடன் பணிபுரிவோர் முகம் திருப்புவர். இவற்றை அறியாதார் போல் நாம் அறிவுரை கூறுதல் தகாது. ஆகவே முதற்கண் மேலதிகாரிக்கு எழுத்தில் தெரிவித்தல், அளவுகளையும் நாட்களையும் குறித்து வைத்தல், அங்கு பயனின்றேல் வாரியத்தை அணுகுதல் என்னும் ஒழுங்கான வழியே சிறந்தது. இடித்துரைப்பாரைத் துணையாகக் கொள்ளாத அரசு தானே கெடும் என்பது வள்ளுவர் கருத்து. ஆலைக்கும் அது பொருந்தும். உண்மை சொல்லும் பொறியாளன் நிறுவனத்தின் பகைவன் அல்லன், அதன் மெய்க்காப்பாளன்.

இன்று நம் சங்கத்துக் குடும்பங்களிற் பொறியியல் பயிலாத பிள்ளை உள்ள இல்லம் அரிது. பட்டம் பெற்ற நாளில் மாலை சூட்டி மகிழ்கிறோம். உண்மை உரைத்து வேலையிழந்து வருவானாயின், அந்நாளிலும் அவனுக்கு மாலை சூட்டுவோமா? அவ்வுறுதியை இச்சங்கம் அளிக்குமாயின், அவன் வாய் திறக்க அஞ்சான். தான் காவல் செய்யும் நீர் எவ்வூர் நீராயினும், அங்கும் ஒரு பொழியூர் உண்டு. அங்கும் விடியலில் வலை இழுப்போர் உண்டு என்பதை நம் இளைஞர் நினைவிற் கொள்வாராக.

வாழ்க நம் ஊர்! வளர்க நம் சங்கம்!