சரங்களாகச் சேமிக்கப்பட்ட எண்களின் ஒப்பீடு

கணினி நிரலாக்கத்தில் சரங்களாகச் சேமிக்கப்பட்ட எண்களின் ஒப்பீடு என்பது, எண் மதிப்பாக அன்றி எழுத்துகளின் தொடராக (சரமாக) வைக்கப்பட்டுள்ள எண்களில் எது பெரியது, எது சிறியது, அல்லது அவை சமமா என்று கண்டறிவதாகும். விசைப்பலகை, உரைக் கோப்பு, இணையப் படிவம் ஆகியவற்றிலிருந்து பெறப்படும் எண்கள் பெரும்பாலும் சரங்களாகவே நிரலை வந்தடைகின்றன. அவற்றை எண்களாக மாற்றாமல் ஒப்பிட்டால், பிழைச்செய்தி எதுவுமின்றித் தவறான விடை கிடைக்கக்கூடும்.

ஒப்பீடு நடைபெறும் முறை

அகராதியில் சொற்கள் அடுக்கப்படுவது போல, சரங்கள் இடமிருந்து வலமாக ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடப்படுகின்றன. முதலில் வேறுபடும் எழுத்தே முடிவைத் தீர்மானிக்கிறது. ஆஸ்கி குறிமுறையில் 0 முதல் 9 வரையிலான இலக்கங்களின் குறியெண்கள் முறையே 48 முதல் 57 வரை ஆகும். "10", "9" ஆகிய சரங்களை ஒப்பிடும்போது, முதல் எழுத்துகளான 1 (49), 9 (57) ஆகியவற்றிலேயே ஒப்பீடு முடிந்துவிடுகிறது. எனவே "10" சிறியது எனக் கொள்ளப்படுகிறது. இவ்வாறே 1, 2, 9, 10, 100 என்னும் வரிசை 1, 10, 100, 2, 9 என மாறுகிறது. மேலும் "7", "07", "7.0" ஆகியவை மதிப்பில் ஒன்றே எனினும், சரங்கள் என்ற வகையில் வெவ்வேறானவை.

நிரல்மொழிகளில்

- ஜாவாஸ்கிரிப்ட்: பெரிது, சிறிது என ஒப்பிடும்போது இரண்டும் சரங்களாயின் சர ஒப்பீடும், ஒன்று சரமாகவும் மற்றொன்று எண்ணாகவும் இருப்பின் எண் ஒப்பீடும் நடைபெறும்.
- பெர்ல்: எண் ஒப்பீட்டிற்கும் சர ஒப்பீட்டிற்கும் தனித்தனிச் செயற்குறிகள் உள்ளன.
- பைத்தான் 3: சரத்தையும் எண்ணையும் பெரிது, சிறிது என ஒப்பிட்டால் பிழை எழுப்பப்படும். இரண்டும் சரங்களாயின் எச்சரிக்கை எதுவும் இல்லை.
- பிஎச்பி: இரட்டைச் சமக்குறியின் இருபுறமும் எண் வடிவிலான சரங்கள் இருப்பின், அவை எண்களாகவே ஒப்பிடப்படும். மும்மைச் சமக்குறி அவற்றைச் சரங்களாகவே ஒப்பிடும்.

விளைவுகள்

2021 ஆம் ஆண்டு பைத்தான் 3.10 வெளியானது. பதிப்பு எண்ணைச் சரமாக ஒப்பிட்ட நிரல்களுக்கு "3.10" என்பது "3.9" ஐ விடப் பழைய பதிப்பாகத் தோன்றியது. முதல் மூன்று எழுத்துகளை மட்டும் எடுத்த நிரல்கள் அதனை "3.1" எனப் புரிந்துகொண்டன.

பிஎச்பியின் தானியங்கி மாற்றம் பாதுகாப்புக் குறைபாட்டிற்கும் வழிவகுக்கும். கடவுச்சொல்லிலிருந்து கணிக்கப்படும் இரண்டு வெவ்வேறு குறியாக்கச் சரங்கள், பூச்சியத்தைப் பத்தின் அடுக்கால் பெருக்குவதைக் குறிக்கும் எண் வடிவில் அமைந்துவிட்டால், இரண்டும் பூச்சியமாகக் கருதப்பட்டுச் சமமாகிவிடும். அதனால் தவறான கடவுச்சொல்லும் ஏற்கப்படலாம்.

சரியான முறைகள்

- அளவைக் குறிக்கும் சரங்களை, அவை முறையான எண்களா எனச் சோதித்து, எண்ணாக மாற்றிய பின்னர் ஒப்பிட வேண்டும்.
- பதிப்பு எண்ணைப் புள்ளியில் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் முழு எண்ணாக ஒப்பிட வேண்டும்.
- மிக நீண்ட நேர்ம முழு எண்களாயின், முன்னுள்ள பூச்சியங்களை நீக்கி முதலில் நீளத்தையும், நீளம் சமமாயின் சரத்தையும் ஒப்பிடலாம்.
- நீளம் சமமாக இருக்குமாறு முன்னால் பூச்சியங்களை இட்டால் சர வரிசையும் எண் வரிசையும் ஒன்றாகும். ஐஎஸ்ஓ 8601 சீர்தரத்தின்படி எழுதப்படும் 2021-10-04 போன்ற தேதிகள் காலவரிசையில் அமைவது இதனாலேயே.

தொலைபேசி எண், அஞ்சல் குறியீட்டு எண் போன்றவை இலக்கங்களால் ஆனவை எனினும் அளவுகள் அல்ல. எண்ணாக மாற்றினால் அவற்றின் முன்னுள்ள பூச்சியம் அழிந்துவிடும். ஆகவே அவற்றைச் சரங்களாகவே ஒப்பிட வேண்டும்.