பழைய ஈயத்தை உருக்குதல்

பழைய ஈயத்தை உருக்குதல் என்பது பயன்பாட்டில் இருந்து நீக்கப்பட்ட ஈயப் பொருட்களைச் சூடாக்கி, கசடு நீக்கி, மீண்டும் பயன்படுத்தக்கூடிய பாளங்களாக வார்க்கும் செயல்முறை ஆகும். தொழிற்சாலைகளில் பேரளவில் நடைபெறும் இச்செயல்முறையை, ஐக்கிய அமெரிக்கா, பிரித்தானியா முதலிய நாடுகளில் சிலர் தம் வீட்டு வளாகத்திலேயே சிறிய அளவில் செய்கின்றனர். தூண்டில் எடைகள், முக்குளிப்போர் இடையில் கட்டும் எடைகள், துப்பாக்கிக் குண்டுகள், சிறு பாய்மரப் படகுகளின் அடிமர எடைகள் ஆகியவற்றை வார்ப்பதற்கு இப்பாளங்கள் பயன்படுகின்றன. ஈயம் தாழ்ந்த வெப்பநிலையில் உருகுவதால் இச்செயல்முறை எளிதாகத் தோன்றினாலும், ஈயம் ஒரு நச்சு உலோகம் என்பதால் இதில் கடும் ஆபத்துகள் உள்ளன.

பெயர்

தமிழில் ஈயம் என்னும் சொல் இரு வேறு உலோகங்களைக் குறிக்கப் பயன்படுகிறது. இக்கட்டுரையில் கூறப்படும் உலோகம் காரீயம் ஆகும். பித்தளைப் பாத்திரங்களின் உட்புறத்தில் பூசப்படுவதும், இரசம் வைக்கும் ஈயச் சொம்பு செய்யப்பட வேண்டியதும் வெள்ளீயம் என்னும் வேறு உலோகம் ஆகும். காரீயம் கலந்த பாத்திரத்தில் சமைப்பது உடலுக்குத் தீங்கானது. இக்கட்டுரையில் இனி ஈயம் என்பது காரீயத்தையே குறிக்கும்.

மூலப்பொருட்கள்

பழைய கூரைத் தகடுகள், நீர்க்குழாய்கள், எக்சு-கதிர் அறைகளின் தடுப்புத் தகடுகள் ஆகியவற்றில் ஏறத்தாழத் தூய ஈயம் கிடைக்கிறது. வண்டிச் சக்கரங்களைச் சமன்படுத்தும் எடைகளில் சிறிதளவு அண்டிமனி கலந்திருப்பதால் அவை தூய ஈயத்தை விடக் கடினமானவை. ஐரோப்பிய ஒன்றியம் 2005 ஆம் ஆண்டிலும், கலிபோர்னியா மாநிலம் 2010 ஆம் ஆண்டிலும் ஈயச் சக்கர எடைகளுக்குத் தடை விதித்தன. ஆகவே இன்று கிடைக்கும் பழைய எடைகளில் ஈயத்துடன் துத்தநாகம், எஃகு ஆகியவற்றால் ஆனவையும் கலந்தே இருக்கும். இவற்றைப் பிரிப்பது முதல் வேலை ஆகும்.

தேவைப்படும் வெப்பம்

ஈயத்தின் உருகுநிலை 327.5 °செ ஆகும். இதன் தன்வெப்பம் கிலோகிராமுக்கு 0.129 கிலோயூல், உருகலின் உள்ளுறை வெப்பம் கிலோகிராமுக்கு ஏறத்தாழ 23 கிலோயூல். இவற்றைக் கொண்டு, 30 °செ வெப்பநிலையில் உள்ள 10 கிலோகிராம் ஈயத்தை உருக்கி 370 °செ வரை சூடாக்கத் தேவைப்படும் ஆற்றலைக் கணக்கிடலாம்.

- உருகுநிலை வரை சூடாக்க: ஏறத்தாழ 384 கிலோயூல்
- உருக்க: ஏறத்தாழ 230 கிலோயூல்
- 370 °செ வரை மேலும் சூடாக்க: ஏறத்தாழ 60 கிலோயூல்

மொத்தம் 670 முதல் 680 கிலோயூல் வரை ஆகும். அதே 10 கிலோகிராம் நீரை 30 °செ இல் இருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 2,930 கிலோயூல் தேவை. அதாவது, ஈயத்தை உருக்குவதற்கு நீரைக் கொதிக்க வைப்பதில் நான்கில் ஒரு பங்கிற்கும் குறைவான ஆற்றலே போதும். சமையல் எரிவளியில் இது 15 கிராம் அளவே ஆகும். எனினும் நடைமுறையில் இதைப் போல் பன்மடங்கு எரிபொருள் செலவாகிறது. வெப்பம் ஈயத்தைச் சென்றடையாமல் வீணாவதே இதற்குக் காரணம்.

திறனை உயர்த்தும் வழிகள்

வெப்பம் வீணாவதற்கு முதற்காரணம் தொடுகைப் பரப்பு குறைவாக இருப்பது ஆகும். ஒழுங்கற்ற துண்டுகள் பாத்திரத்தின் அடியைச் சில புள்ளிகளில் மட்டுமே தொடுகின்றன. இடையில் உள்ள காற்று வெப்பத்தை நன்கு கடத்துவதில்லை. இதனைக் குறைக்க, துண்டுகளைச் சிறிதாக வெட்டி நெருக்கமாக அடுக்குவர். முதல் தொகுதி உருகிய பின்னர் முழுவதையும் வார்த்துவிடாமல், பாத்திரத்தின் அடியில் சிறிதளவு உருகிய ஈயத்தை விட்டுவைப்பர். அடுத்து இடப்படும் துண்டுகளை இந்த நீர்மம் எல்லாப் பக்கமும் சூழ்வதால் அவை விரைவில் உருகுகின்றன.

இரண்டாவது காரணம், தீச்சுவாலை பாத்திரத்தின் பக்கங்களைத் தொடாமல் விலகிச் செல்வது ஆகும். பாத்திரத்தைச் சுற்றிச் சிறு இடைவெளி விட்டு எஃகுத் தகட்டால் ஆன உறை அமைத்தால், சூடான வளிமம் பக்கவாட்டிலும் உரசிச் செல்லும். இந்த உறை காற்றையும் தடுக்கும்.

மூன்றாவது காரணம் திறந்த மேற்பரப்பு ஆகும். 25 செ.மீ. விட்டமுள்ள பாத்திரத்தின் மேற்பரப்பு 370 °செ இல் கதிர்வீச்சாலும் காற்றோட்டத்தாலும் சில நூறு வாட் வெப்பத்தை இழக்கிறது. ஓர் எஃகு மூடி இவ்விழப்பைப் பெருமளவு குறைப்பதுடன், ஈயம் காற்றுடன் வினைபுரிந்து கசடாவதையும் தடுக்கிறது.

பாத்திரம் தடித்த எஃகு அல்லது வார்ப்பிரும்பால் ஆனதாக இருத்தல் வேண்டும். அலுமினியம் சூட்டில் வலுவிழக்கும் என்பதாலும், துத்தநாகம் பூசிய வாளிகள் ஈயத்தை மாசுபடுத்தும் என்பதாலும் தவிர்க்கப்படுகின்றன. ஒரு லிட்டர் உருகிய ஈயத்தின் எடை 10 கிலோகிராமுக்கும் அதிகம். ஐந்து லிட்டர் பாத்திரம் நிறைந்தால் எடை 50 கிலோகிராமைத் தாண்டும். இதனைச் சாதாரண சமையல் அடுப்பு தாங்காது.

தூய்மைப்படுத்தலும் வார்த்தலும்

வெப்பநிலையை 400 °செ இற்குக் கீழ் வைத்திருப்பது முக்கியமானது. துத்தநாகத்தின் உருகுநிலை 419.5 °செ ஆதலால், இந்த வெப்பநிலையில் துத்தநாகத் துண்டுகள் உருகாமல் நிற்கும். துத்தநாகமும் எஃகும் ஈயத்தை விட அடர்த்தி குறைந்தவை என்பதால் அவை மேலே மிதக்கின்றன. துளைக் கரண்டியால் அவற்றை அள்ளி எடுத்துவிடலாம். அதிகச் சூட்டில் துத்தநாகம் ஈயத்தில் கலந்துவிட்டால் வார்ப்பு சீராக அமையாது. இதற்காக வெப்பநிலைமானி பயன்படுத்தப்படுகிறது.

பின்னர் உலர்ந்த மரத்தூள் அல்லது மெழுகு சிறிதளவு இளக்கியாகச் சேர்த்துக் கிளறப்படுகிறது. இவற்றில் உள்ள கரிமம், வெள்ளீயம் மற்றும் ஈயத்தின் ஆக்சைடுகளை மீண்டும் உலோகமாக மாற்றுகிறது. மெழுகின் புகை திடீரெனத் தீப்பற்றக்கூடும். எஞ்சும் சாம்பல் போன்ற கசடு அகற்றப்பட்டு, முன்கூட்டியே சூடாக்கிய எஃகு அச்சுகளில் ஈயம் வார்க்கப்படுகிறது. வெள்ளீயம் பூசிய அச்சுகளில் ஈயம் ஒட்டிக்கொள்ளும். ஆறிய பாளங்களில் கலவையின் வகையைப் பொறித்து வைப்பது வழக்கம்.

ஆபத்துகள்

நீர்: உருகிய ஈயத்தினுள் ஒரு துளி நீர் சிக்கினாலும் அது நொடியில் நீராவியாகிறது. நீர் ஆவியாகும்போது அதன் கனஅளவு ஏறத்தாழ 1,700 மடங்கு பெருகுவதால், உருகிய ஈயம் வெடித்துச் சிதறுகிறது. மழையில் நனைந்த துண்டுகள், உள்ளே ஈரம் தங்கிய குழாய்கள், குளிர்ந்த கரண்டி ஆகியவை இதற்குக் காரணமாகின்றன. உருகிய ஈயத்தில் இடப்படும் எதுவும் முன்கூட்டியே சூடாக்கி உலர்த்தப்பட வேண்டும். முகக்கவசம், தோல் கையுறை, முழுக்கைப் பருத்தி ஆடை, மூடிய தோல் காலணி ஆகியவை அடிப்படைப் பாதுகாப்பு ஆகும்.

நச்சு: 400 °செ அளவில் ஈயம் ஆவியாவது மிகக் குறைவு. ஆனால் கசடில் உள்ள ஈய ஆக்சைடு நுண்ணிய தூசாகப் பறந்து நிலத்திலும் ஆடையிலும் கையிலும் படிகிறது. அதன் வழியே அது வாய்க்குள் செல்கிறது. ஈய நச்சு மூளை, நரம்பு மண்டலம், சிறுநீரகம், இரத்தம் ஆகியவற்றைத் தாக்குகிறது. எலும்பிலும் பல்லிலும் படிந்து ஆண்டுக்கணக்கில் தங்குகிறது. உட்கொண்ட ஈயத்தைக் குழந்தைகளின் உடல் பெரியவர்களை விட 4 முதல் 5 மடங்கு வரை அதிகமாக உறிஞ்சுகிறது என உலக சுகாதார நிறுவனம் தெரிவிக்கிறது. பாதுகாப்பானது என்று அறியப்பட்ட ஈய அளவு எதுவும் இல்லை.

ஆகவே இப்பணி வீட்டினுள்ளோ, சமையலறையிலோ, குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் இருக்கும் இடத்திலோ செய்யத் தகாதது. திறந்தவெளியில் செய்தாலும் தூசு தடுக்கும் சுவாசக் கவசம் தேவை. அணிந்த ஆடைகள் தனியே துவைக்கப்பட வேண்டும். ஒருமுறை ஈயம் உருக்கிய பாத்திரம் மீண்டும் சமையலுக்குப் பயன்படக் கூடாது. கசடு, மூடிய உலோகக் கலனில் சேர்க்கப்பட்டு உரிமம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும்.

மின்கலங்கள்

உலகில் பயன்படும் ஈயத்தின் பெரும்பகுதி வண்டி மின்கலங்களில் உள்ளது. எனினும் அவற்றை வீட்டில் உருக்குவது எந்நிலையிலும் ஏற்கத்தக்கதன்று. மின்கலத் தகடுகளில் கந்தக அமிலமும், எளிதில் தூசாகும் ஈயச் சேர்மங்களும் உள்ளன. கால்சியம், ஆர்சனிக், அண்டிமனி ஆகியவை கலந்த கசடு ஈரத்துடன் சேர்ந்தால் ஆர்சைன், ஸ்டிபைன் என்னும் கொடிய நச்சு வளிமங்கள் உண்டாகலாம். உருகாத பசை மிகுதியாக எஞ்சுவதால் கிடைக்கும் ஈயமும் குறைவு.

செனகல் நாட்டின் தலைநகர் டக்காரை அடுத்த தியாரோய்-சுர்-மேர் பகுதியில், பழைய மின்கலங்களில் இருந்து முறைசாரா வகையில் ஈயம் பிரித்தெடுக்கப்பட்டு வந்தது. ஈயம் கலந்த மண்ணை மக்கள் சலித்து விற்றனர். சிலர் அதனை வீட்டிற்கும் கொண்டு சென்றனர். நவம்பர் 2007 முதல் மார்ச் 2008 வரை அங்கு 18 குழந்தைகள் உயிரிழந்தனர். இறந்த குழந்தைகளின் உடன்பிறந்தோர், தாய்மார் ஆகியோரின் இரத்தத்திலும் மிக அதிகமான ஈயம் கண்டறியப்பட்டது.

இந்தியாவில் பழைய மின்கலங்களைத் திரும்பப் பெறுவதற்கான விதிகள் 2001 ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்டன. அவற்றுக்கு மாற்றாக மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் 2022 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டன. பழைய மின்கலத்தைப் புதியது வாங்கும் கடையிலேயே திருப்பித் தருவது எளிய வழியாகும்.

மாற்றுகள்

பிரித்தானியாவில் அன்னப் பறவைகள் ஈய எடைகளை விழுங்கி இறந்ததை அடுத்து, 0.06 கிராம் முதல் 28.35 கிராம் வரையிலான ஈயத் தூண்டில் எடைகளின் விற்பனை 1987 ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டது. வெள்ளீயம், டங்சுட்டன், பிசுமத், எஃகு ஆகியவற்றால் ஆன எடைகள் இன்று மாற்றாகப் பயன்படுகின்றன.

இவற்றையும் பார்க்க

- ஈயம்
- வெள்ளீயம்
- ஈய நச்சேற்றம்
- ஈய-அமில மின்கலம்