கிளாஸ் ரிங் வாங்கலாமா?

அமெரிக்காவில் படிக்கிற அண்ணன் மகள் கேட்டாள்: "சித்தப்பா, காலேஜ்ல எல்லாரும் கிளாஸ் ரிங் வாங்கறாங்க. பல நூறு டாலர். நானும் வாங்கவா?" நான் பி.இ. முடித்தபோது கிடைத்தது ஒரு குரூப் போட்டோ. வேண்டாம்னு சொல்லிட்டு, வழக்கம்போல வரலாற்றைத் தோண்ட உட்கார்ந்தேன்.

அமெரிக்காவில் இதைத் தொடங்கி வைத்தது வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியின் 1835-ம் ஆண்டு வகுப்பு. 1836 வகுப்பு மோதிரமே போடவில்லை! பிறகுதான் ஒட்டிக்கொண்டது. 1929-ல் வடிவமைத்த எம்.ஐ.டி. மோதிரத்துக்குச் செல்லப்பெயர் 'பித்தளை எலி'. வழக்கமாக அது தங்கம், செதுக்கியிருப்பது பீவர்.

என்னைக் கொஞ்சம் அசைத்தது வேறு. காலமான பழைய மாணவர்களின் மோதிரங்களைக் குடும்பத்தார் வெஸ்ட் பாயிண்டுக்கே கொடுக்கிறார்கள். அவற்றை உருக்கி, புது வகுப்பின் மோதிரத் தங்கத்தில் கலக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சத்தை அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைக்கிறார்கள், தயிருக்கு உறைமோர் எடுத்து வைக்கிற மாதிரி. அந்த மோதிரத்தை நானே காசு கொடுத்து வாங்குவேன்.

அவள் காலேஜில் அப்படி எதுவும் கிடையாது. கேட்டலாக்கைப் பார்த்துக் கல்லின் நிறத்தைச் சொல்லணும், அவ்வளவுதான். அதுக்கு இன்னமும் என் பதில் வேண்டாம்தான். இதைச் சொல்ல போன் பண்ணினேன். ஆர்டர் போட்டாச்சாம், நீலக்கல்.