பொள்ளிலூர்ப் போர்ச் சுவரோவியம்

மைசூரை அடுத்த ஸ்ரீரங்கப்பட்டணத்தில், 1784-இல் எழுந்த தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவரில் உள்ள அரசியல் ஓவியம். காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் 1780 செப்டம்பர் 10 அன்று ஐதர் அலியும் திப்புவும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை முறியடித்ததைச் சித்தரிக்கிறது: வெடித்துச் சிதறும் மருந்து வண்டி, பல்லக்கில் காயம்பட்ட கர்னல் பெய்லி. இது அரசனின் வெற்றிப் பெருமிதம். உண்ணாவிரதமிருந்து 1981-இல் இறந்த ஐரிஷ் போராளி பாபி சாண்ட்ஸுக்குப் பெல்ஃபாஸ்ட் மக்கள் தெருச்சுவரில் தீட்டியது போன்ற நினைவோவியம் அன்று எனலாம். வரையப்பட்ட நாளில் அது சரிதான். ஆனால் 1799 மே 4-இல் திப்பு அதே கம்பெனியுடன் போரிட்டு மடிந்ததும், ஒரு கோடும் மாறாமலே இச்சுவர் வீழ்ந்தவரின் நினைவாயிற்று. படத்தின் பொருளை வரைந்தவரின் நோக்கத்தைவிடப் பின்வந்த மரணமே தீர்மானித்தது. வேடிக்கை என்னவென்றால், சிதைந்திருந்த இத்தோல்விக் காட்சியைச் சீராக்கச் செய்தவர்கள் ஆங்கிலேயரே: அங்கு குடியிருந்த தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னர் தலைமை ஆளுநர் டல்ஹவுசி. வென்றவனுக்குப் பழைய தோல்வி உறுத்துவதில்லை.