கருந்துளையைத் தேடப் போய்...

நாம் தினமும் பயன்படுத்தும் வைஃபைக்கும் கருந்துளைக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது நண்பர்களே!

கருந்துளைகள் மெல்ல ஆவியாகிக் கடைசியில் வெடிக்கலாம் என்று 1974-இல் ஸ்டீபன் ஹாக்கிங் சொன்னார். அப்போது எழும் ரேடியோ துடிப்பைப் பிடிக்க, நெதர்லாந்தில் வேலை பார்த்த ஆஸ்திரேலியர் ஜான் ஓ'சல்லிவனும் இரண்டு சகாக்களும் முயன்றார்கள். கிடைக்கவில்லை. 1978-இல் வந்த அவர்கள் கட்டுரையும் அதைத்தான் சொன்னது.

ஆனால் வழியில் சிதறிய சிக்னலைக் கணக்குப் போட்டுச் சேர்க்கும் வித்தை கைவந்தது. அதன் அடிப்படை, வெப்பம் பரவுவதை ஆராய்ந்து ஃபூரியர் 1822-இல் வெளியிட்ட கணிதம்.

1990-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலிய அரசின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தில் அவர் குழுவுக்கு வேறு பிரச்சினை. அறைக்குள் ரேடியோ அலை சுவரிலும் மேஜையிலும் பட்டுத் திரும்பும். வேகமாக அனுப்பினால், முன்னே போனதன் எதிரொலி பின்னே வருவதன் மேல் விழும். தீர்வு? செய்தியைத் துண்டாக்கி, பல அலைவரிசைகளில் ஒரே நேரத்தில் நிதானமாக அனுப்புவது. பிரிக்கவும் சேர்க்கவும் அதே ஃபூரியர் கணக்கு!

1996-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. வைஃபை முழுவதும் அவர்கள் கண்டுபிடிப்பல்ல. அதை வேகமாக்கியதில் முக்கியப் பங்கு அவர்களுடையது. கம்பெனிகள் பணம் தர மறுக்க, வழக்கு நடந்தது. 2009, 2012 சமரசங்களையும் சேர்த்து வந்த தொகை சுமார் 43 கோடி ஆஸ்திரேலிய டாலர்.

வணிகவியல் படிப்பவனாக யோசிக்கிறேன். 1978-இல் அந்த ஆய்வின் கணக்கை எங்களிடம் கொடுத்திருந்தால், 'நஷ்டம்' என்று எழுதி மூடியிருப்போம். 'இந்த வருஷம் என்ன லாபம்?' என்று மட்டும் கேட்டு ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்குபவர்களும் அதைத்தானே செய்கிறார்கள்?