குழந்தையின் மண்டையோடும் முப்பரிமாண அச்சும்

பிறந்த குழந்தையின் மண்டையோடு ஒரே என்பாலாயதன்று. தட்டையான என்புகள் பல, இடையே பொருத்துக்கள் அமைய, மூளை வளருந்தோறும் விலகி இடங்கொடுக்கின்றன. அப்பொருத்துக்களுள் ஒன்று காலத்துக்கு முன் இறுகிவிடின், தலை அவ்விடத்தில் விரியாது வேறு பக்கமாக வளர்ந்து கோணும். இவ்வொழுங்கை ஜேர்மானிய அறிஞர் விர்ச்சோ 1851இல் எடுத்துரைத்தார். எனினும், நோயை அறிதல் வேறு. கத்தியை எங்கே வைப்பதென்று அறிதல் வேறு.

இவ்வேறுபாட்டுக்கு விலை கொடுத்தோர் குழந்தைகளே. 1890இல் பாரிசு நகரத்து லானலாங் என்பார், மண்டையோட்டில் என்புக் கீற்றொன்றை வெட்டியகற்றும் சத்திரசிகிச்சையைச் செய்து வெளியிட்டார். பலரும் அதனைப் பின்பற்றினர். சிறுத்த தலையுடைய குழந்தைகளின் மூளையை இறுகிய என்பே வளரவிடாது தடுத்தது என்பது அவர்தம் துணிபு. உண்மையிலோ, அக்குழந்தைகளுட் பலர்க்கு மூளை வளராமையாலேயே தலை சிறுத்திருந்தது. காரணம் காரியமாகவும் காரியம் காரணமாகவும் கொள்ளப்பட்டன. சிகிச்சை பெற்ற 33 குழந்தைகளுள் 15 பேர் இறந்தமையை அமெரிக்க வைத்தியர் ஆபிரகாம் ஜேக்கபி 1894இல் எடுத்துக்காட்டிக் கடிந்தார். அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அச்சிகிச்சை கைவிடப்பட்டுக் கிடந்தது. ஜேக்கபியை முன்னேற்றத்தின் பகைவரெனச் சிலர் கருதலாம். யான் அவ்வாறு கொள்ளேன்.

அடுத்த ஆண்டிலேயே எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் அது காட்டியது தட்டையான நிழலையே. 1967இல் ரோமாபுரியில் தம் முறையை விளக்கி உலகை வியப்பித்த பிரெஞ்சு வைத்தியர் பவுல் தெசியே, முன்னதாக நாந்த் நகரில் பிணங்களை அறுத்துப் பயின்றவர். ஆயினும் பிணத்தின் தலை பிறன் தலையே. கோணலோ குழந்தைக்குக் குழந்தை வேறுபடும்.

நிற்க, இரு கருவிகள் வெவ்வேறு நோக்கத்தோடு தோன்றின. 1971இல் இலண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதன்முதல் ஒரு நோயாளியின் தலையைப் படலம் படலமாகப் பிரித்துக் காட்டியது. 1984இல் அமெரிக்கர் சார்ள்ஸ் ஹல், திரவப் பிசினை ஊதாகடந்த கதிரால் இறுகச்செய்து படலம் படலமாகப் பொருளை ஆக்கும் முறைக்குக் காப்புரிமை கோரினார். முன்னையது பிரித்ததைப் பின்னையது அடுக்கிற்று. இடையில் நின்று இணைத்தது கணினி. 1990களில் அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் டுர்சோ முதலியோர் இவ்வாறு ஆக்கிய மாதிரிகளைச் சத்திரசிகிச்சைத் திட்டத்திற் பயன்படுத்தினர்.

இப்பொழுது வைத்தியர் கையிலிருப்பது அக்குழந்தையின் மண்டையோட்டின் படியே. வெட்டுங்கோடுகளை அதில் வரைந்து, அறுத்து, துண்டுகளை மாற்றிப் பொருத்திப் பார்க்கலாம். பிழைத்தால் கெடுவது பிசினே. இப்பயிற்சியின் அருமையைக் குருதிக் கணக்குக் காட்டும். குழந்தைக்கு நிறையில் கிலோகிராம் ஒன்றுக்கு ஏறத்தாழ 80 மில்லிலீற்றர் குருதி உண்டு. 7 கிலோகிராம் குழந்தையின் குருதி முழுவதும் 560 மில்லிலீற்றரே. மண்டையோடு திறந்திருக்கையில் ஆலோசித்து நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அச்சிறு அளவிலிருந்தே கழிகின்றது.

மாதிரி என்பின் வடிவைக் காட்டுமேயன்றி அதனுள் ஓடும் குருதியைக் காட்டாது. அதனை ஆக்குதற்குக் குழந்தையின் தலையிற் கதிர் பாய்ச்சவும் வேண்டும். ஆதலின், கண்ணாலும் கையாலுமே தெளிவாக அறியத்தக்க எளிய கோணல்களுக்கு இம்முறை வேண்டாவெனும் சத்திரவைத்தியரும் உளர்.